மூத்த குடிமக்கள் சங்கம்: 2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கண் பரிசோதனை முகாமும் நடத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிகம் பேசப்போவது சாப்பாட்டைப் பற்றித்தான். அதில் நாம் ஒரு தவறு செய்தோம். அதைச் சொல்லாமல் இந்த ஆண்டின் கதையைச் சொல்ல முடியாது.

பொங்கலுக்குத் தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்தோம். நல்ல எண்ணம்தான். ஆனால் பேனர் கட்டினோம், மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டோம், பையைக் கொடுக்கும்போது போட்டோ பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். பட்டியலில் இருந்த பலர் வரவே இல்லை. மிச்சப் பைகளை வீடு வீடாகக் கொண்டுபோனோம். ஒரு அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். "இப்பத்தான் சாப்பிட்டேன் தம்பி. இல்லாதவங்க யாருக்காவது குடுங்க" என்றார். அவர் தோளுக்குப் பின்னால் அடுப்பங்கரை தெரிந்தது. ஒரே ஒரு சின்னக் குண்டானைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். அது ஈரம் காய்ந்து கிடந்தது. அடுப்பில் அன்று நெருப்பு எரிந்த அடையாளமே இல்லை. அப்போது மணி பன்னிரண்டரை.

அதற்கப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்தினோம். சும்மா போய் உட்கார்ந்து பேசினோம். பசியைவிடப் பிள்ளைகளின் பெயர்தான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. "நான் வரிசையில நின்னா, பெத்த புள்ள சோறு போடலன்னுதானே ஊர் பேசும்?" என்று ஒருவர் கேட்டார். முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மனுப் போடுங்கள் என்றால், "ஆதரவற்றவள்னு எழுதணுமாமே, மகன் உசுரோட இருக்கும்போது எப்படி எழுதுவேன்?" என்கிறார் இன்னொருவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் "ஏற்பது இகழ்ச்சி" என்ற ஒரே வரியோடு பேச்சை முடித்துவிட்டார். நம் உறுப்பினர் ஒருவர் விடவில்லை. "சார், அதுக்கு நாலு வரி முன்னாலயே 'ஈவது விலக்கேல்'னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க" என்றார். ஆசிரியர் சிரித்தார். ஆனால் வரவில்லை.

வைகாசியில் வடலூருக்குப் போனபோது அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டோம். சத்திய தருமச்சாலையை வள்ளலார் 1867-இல் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பந்தியில் அவர் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திரும்பி வரும்போது, இங்கே மட்டும் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று நான் மெதுவாகக் கேட்டேன். "அங்க யாரும் என்னை யாருன்னு கேக்கலியே" என்றார். நாம் மாற்ற வேண்டியது எதை என்பது எனக்கு அந்த வேனில்தான் பிடிபட்டது.

அடுத்த கூட்டத்தில் பொருளாளர் வேறொன்றை நினைவுபடுத்தினார். 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் வந்தபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். காசு கொடுத்து வாங்கினால் அது கடை. கடையில் சாப்பிட யாரும் கூசுவதில்லை.

ஆடியிலிருந்து சனிக்கிழமை பந்தி தொடங்கியது. 'அன்னதானம்' என்ற சொல்லை எடுத்துவிட்டோம். பட்டியல் கிடையாது, போட்டோ கிடையாது. தலைவர் உட்பட எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வாசலில் மூடிய உண்டியல் இருக்கும். போடுகிறவர் போடலாம், போடாதவரை யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று நாங்கள் திட்டமிடாமலே நடந்தது. சமையல் மாமிக்கு ஆள் போதவில்லை என்று ஒருநாள் காய் நறுக்கக் கூப்பிட்டோம். அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் நாலு பேர் அரிவாள்மனையோடு வந்துவிட்டார்கள். நறுக்கியவர் சாப்பிடாமல் போவாரா? ஆசிரியர் இப்போது பந்தியில் தண்ணீர் வைக்கிறார்.

ரேஷன் விஷயம். ஆகஸ்ட் 12-இல் அரசு தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கியபோது 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வண்டியில் வீட்டுக்கே அனுப்பினார்கள். வண்டி வாசலில் நின்றால் தெருவே பார்க்குமே என்று நான் பயந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. வயதைப் பார்த்துத்தானே வருகிறது, இல்லாமையைப் பார்த்து இல்லையே. "எனக்கு எழுபது ஆயிடுச்சு, வண்டி வரும்" என்று பெருமையாகவே சொல்கிறார்கள். கடையில் ரேகை விழாமல் திரும்பி வந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. உதவித்தொகை மனுவிலும் அந்த 'ஆதரவற்ற' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி அரசுக்குக் கடிதம் எழுத வேண்டும். இன்று அதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன்.

பாதிக் கதவு திறந்த அந்த அம்மா இன்னும் பந்திக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சனிக்கிழமைதோறும் தூக்குவாளியில் கொண்டுபோய், "குழம்பு கொஞ்சம் கூடிப்போச்சும்மா, உப்பு சரியா இருக்கான்னு பாருங்க" என்று கொடுத்துவிட்டு வருகிறார். பாத்திரம் ஒருநாளும் வெறுமனே திரும்பியதில்லை. பெரும்பாலும் அந்த அம்மா கொல்லையில் பறித்த முருங்கைக்கீரை, ஈரத்துணியில் சுற்றி. போன வாரப் பந்தியில் நீங்கள் சாப்பிட்ட பொரியல் அந்தக் கீரைதான். உப்பு கொஞ்சம் கம்மி என்றும் அவர் சொல்லி அனுப்பியிருந்தார். மாமியிடம் சொல்லிவிட்டேன்.

வரும் சனிக்கிழமை வாழைப்பூ பொரியல். பூ ஆய நிறைய கை வேண்டும். காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். கையில் தடவ நல்லெண்ணெய் சங்கத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்