மலை டீச்சர்களோட தலைவலிக்கு மலையிலயே வைத்தியம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் கோத்தகிரி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில சயின்ஸ் எடுக்குற ஆசிரியை. எங்களுக்கு வர்ற மைக்ரேன்கிற ஒத்தைத் தலைவலி, மனசு படபடப்பு பத்தியும், அதுக்கு உடம்புல மெல்லிய ஊசி வெச்சுப் பாக்குற அக்குபங்சர் வைத்தியம் எந்தளவு கை கொடுக்கும்னும், அது ஏன் நீலகிரியிலயே கிடைக்கணும்னும் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

எந்த ஸ்டாஃப் ரூமுக்கு வேணா போய் பாருங்க, மேஜை டிராயர்ல சாக்பீஸ் டப்பா பக்கத்துல ஒரு மாத்திரை அட்டை இருக்கும். ஒத்தைப் பக்கமா விண்விண்ணுனு தெறிக்கும், வெளிச்சம் பட்டா கண்ணைத் திறக்க முடியாது, வாந்தி வர்ற மாதிரி இருக்கும், அந்த நேரத்துல அம்பது பிள்ளைங்க சத்தத்துக்கு நடுவுல நின்னு பாடம் நடத்தணும். லீவு கேட்டா "தலைவலிக்கா லீவு"னு ஒரு பார்வை. இது ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமா வர்ற வியாதி, ஆரம்பப் பள்ளிகள்ல பாதிக்கு மேல டீச்சருங்க பொம்பளைங்கதான், அப்புறம் என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மலையில இது இன்னும் மோசம். மேட்டுப்பாளையத்துல இருந்து காலையில பஸ் ஏறி வர்ற டீச்சருங்க நிறைய பேர், கொண்டை ஊசி வளைவுல சுத்திச் சுத்தி ஏறி வரும்போதே தலை கிறுகிறுனு ஆரம்பிச்சிடும், மைக்ரேன் இருக்கறவங்களுக்கு பஸ் பயணம் ஒத்துக்காம போறது சகஜம்னு டாக்டருங்களே சொல்றாங்க. காலை டிபனை சாப்பிட்டா வளைவுல வந்துடும்னு சாப்பிடாமலே வருவாங்க, சாப்பிடாம இருக்கறதும் தலைவலியைக் கிளப்பும். அப்புறம் தண்ணி. குளிருக்கு யாருக்கும் தாகமே தெரியாது, டீயா குடிச்சிட்டே இருப்போம், அதோட பள்ளிக்கூடத்துல டீச்சருங்களுக்கு ஒழுங்கான பாத்ரூம் இல்லைன்னா தண்ணி பாட்டிலையே தொட மாட்டோம், இதை எந்த அதிகாரியும் கேட்டதும் இல்ல நாங்களா சொன்னதும் இல்ல.

மனசு பாரத்துக்கும் குறைவில்ல. எமிஸ்ங்கிற பள்ளிக்கல்வித்துறை இணையதளத்துல ஏத்துற வேலை, எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கான பதிவுகள், பிள்ளைங்களோட ஒவ்வொரு விவரமும் போன்ல. இதுல 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வேற, ரிட்டயர்மென்ட்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள டெட்டுங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும்னு. இருபது வருஷம் பாடம் எடுத்தவங்க ராத்திரி தூக்கம் இல்லாம பரீட்சைக்குப் படிக்கிறாங்க, தூக்கம் கெட்டா மைக்ரேன் வரும், மைக்ரேன் வந்தா நாளைக்கு எப்படி சமாளிக்கப் போறோம்னு நெஞ்சு படபடக்கும். செக்குமாடு மாதிரி இதுலயே சுத்திட்டு இருக்கோம்.

இப்ப என் விஷயத்துக்கு வரேன். எனக்கு வீசிங் இருக்கு, அதனால மைக்ரேன் தடுக்க வழக்கமா கொடுக்குற ப்ரொப்ரனலால் எனக்கு ஆகாதுன்னு நரம்பு டாக்டர் சொல்லிட்டார். அடுத்து டோபிரமேட் கொடுத்தார், தலைவலி குறைஞ்சது உண்மைதான், ஆனா விரல் நுனியெல்லாம் மதமதப்பு, அதைவிட கொடுமை கிளாஸ்ல பேசிட்டு இருக்கும்போதே வார்த்தை வராம நிக்கிறது. ஒளிச்சேர்க்கைன்னு சொல்ல வந்து அந்த வார்த்தை கிடைக்காம போர்டைப் பாத்துட்டு நின்னேன். அந்த மாத்திரையோட தெரிஞ்ச பக்கவிளைவுதான் அது, ஆனா வாயை வெச்சுப் பிழைக்கிற டீச்சருக்கு அது எப்படி சரிப்படும்? அப்பத்தான் அந்த டாக்டரே அக்குபங்சர் போய் பாருங்கம்மான்னு சொன்னார். எந்த வியாதிக்கு என்ன சிகிச்சைன்னு டாக்டருங்களுக்குச் சொல்ற இங்கிலாந்து அரசோட நைஸ் அமைப்பு வெச்சிருக்கிற வழிகாட்டுதல்லயும் இதையேதான் சொல்லியிருக்கு, இந்த ரெண்டு மாத்திரையும் ஒத்துக்கலைன்னாலோ பலன் இல்லைன்னாலோ 5 முதல் 8 வாரத்துக்குள்ள 10 சிட்டிங் வரைக்கும் அக்குபங்சர் கொடுத்துப் பாக்கலாம்னு.

போறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்தேன், சயின்ஸ் டீச்சர் இல்லையா, படிக்காம போக மனசு வரல. 2016ல, மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து அலசிப் பாக்குற காக்ரேன் குழு 22 ஆராய்ச்சிகளை, கிட்டத்தட்ட 5000 பேரை, ஒண்ணு சேத்துப் பாத்திருக்காங்க. வந்த வலிக்கு மட்டும் மருந்து எடுத்தவங்கள்ல 100க்கு 17 பேருக்கு தலைவலி வர்ற தடவை பாதியா குறைஞ்சதுன்னா, கூட அக்குபங்சரும் எடுத்தவங்கள்ல 41 பேருக்கு குறைஞ்சிருக்கு. இதுல மறைக்கக் கூடாத ஒண்ணும் இருக்கு. சும்மா பேருக்கு ஊசி வெச்ச ஆளுங்களோட ஒப்பிட்டுப் பாத்தா நிஜ ஊசிக்கு 100க்கு 50 பேர், பொய் ஊசிக்கு 41 பேர், வித்தியாசம் சின்னதுதான். இதைச் சொல்லி மொத்தத்தையும் ஏமாத்துவேலைன்னு ஒதுக்கறவங்க இருக்காங்க, நான் அப்படி நினைக்கல, தடுப்பு மாத்திரையோட நேரா ஒப்பிட்ட ஆராய்ச்சிகள்ல இது கொஞ்சம் முன்னாடியே இருந்திருக்கு, பக்கவிளைவும் கம்மி. மாத்திரை ஒத்துக்காத ஆளுக்கு அது பெரிய விஷயம். படபடப்பு விஷயத்துல ஆதாரம் இன்னும் இவ்வளவு பலமா இல்ல, அதையும் சொல்லிடறேன். கவுன்சிலிங், மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டா மனநல டாக்டர், இதெல்லாத்துக்கும் கூட ஒரு துணையா வெச்சுக்கலாம்.

எப்படி வேலை செய்யுதுன்னா, ஊசி தோலுக்கும் தசைக்கும் உள்ள இருக்கிற நரம்பைத் தூண்டுது, மூளை தன்னோட சொந்த வலி நிவாரணியான எண்டார்ஃபினை விடுது. முகத்து நரம்பும் மேல் கழுத்து நரம்பும் உள்ள ஒரே இடத்துல வந்து சேருது, பிடரியில ரெண்டு பக்கமும் வைக்கிற ஊசி நெத்திப்பொட்டு வலிக்கு எப்படி உதவ முடியும்கிறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். எனக்கு பிடரி, புருவ நடு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல, அப்புறம் மணிக்கட்டு உள்பக்கம் வெச்சாங்க. ஊசி கால் மில்லிமீட்டர் தடிமன்தான், ரத்தம் எடுக்குற ஊசி மாதிரி பயப்பட வேண்டாம், வெச்சுட்டு இருபது முப்பது நிமிஷம் அசையாம படுத்திருக்கணும். எனக்கு தலைவலி அடியோட போயிடல, ஆனா வர்றது நல்லா குறைஞ்சிருக்கு, வந்தாலும் ஒரு நாள் முழுக்க படுக்கப் போடறதில்ல, முக்கியமா வலி மாத்திரையை அள்ளி விழுங்கறது நின்னுபோச்சு. சாதாரண வலி மாத்திரையே மாசத்துல 15 நாளும் அதுக்கு மேலயும் தொடர்ந்து எடுத்தா அந்த மாத்திரையாலயே தலைவலி வரும், இதை ஸ்டாஃப் ரூம்ல பாதிப் பேருக்குத் தெரியாது.

இங்க ஒண்ணு கோவமாவே சொல்றேன். நம்ம ஊர்ல ஹீலர்னு போர்டு மாட்டிட்டு, கொஞ்ச நாள் கிளாஸ் போயிட்டு வந்து, எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடுங்கன்னு சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. என்கூட வேலை பாக்குற ஒரு அக்கா அப்படி ஒருத்தர் பேச்சைக் கேட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்தி, கிளாஸ்லயே மயங்கி விழுந்தாங்க. அது அக்குபங்சர் இல்லைங்க, அது உயிரோட விளையாட்டு. போர்க்காலத்துல சீனாவுல வைத்தியம் பாத்த டாக்டர் கோட்னிஸோட சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவுல இருந்த டாக்டர் பி.கே.பாசு, முறையா கத்துக்கிட்டு வந்து 1959ல கல்கத்தாவுல ஆரம்பிச்சு வெச்ச வைத்தியம் இது, 2019ல மத்திய சுகாதாரத்துறையும் அங்கீகாரம் கொடுத்தாச்சு. அஞ்சரை வருஷம் பிஎன்ஒய்எஸ்ங்கிற இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு படிக்கிறவங்களுக்கு இது பாடத்துலயே இருக்கு. அதனால யார்கிட்ட போனாலும் என்ன படிச்சீங்க, பதிவு நம்பர் என்னன்னு கேளுங்க, ஊசி பாக்கெட்டை கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க, ஒரு தடவை போட்டதை தூக்கிப் போடணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, கர்ப்பிணிங்க முதல்லயே சொல்லிடணும். திடீர்னு இதுவரைக்கும் வராத மாதிரி தலை வெடிக்கிற வலி, பேச்சு குளறல், கை கால் மரத்துப் போறது, காய்ச்சலோட கழுத்து இறுக்கம், இதெல்லாம் வந்தா ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

இப்ப என் கோரிக்கை. ஒரு தடவை ஊசி வெச்சுட்டு வந்துடற வைத்தியம் இல்ல இது, வாரம் ஒண்ணு ரெண்டுன்னு தொடர்ந்து போகணும். நான் கோயம்புத்தூர் போய் வந்தேன், சிட்டிங்குக்கு ஆகுற காசை விட மலை இறங்கி ஏறுற அலைச்சல்தான் பெருசு, ஊசி வெச்சு இறங்கின தலைவலி திரும்பி வரும்போது வளைவுல ஏறிக்கும். கூடலூர்ல இருந்து ஊட்டிக்கே அம்பது கிலோமீட்டர், அங்க இருக்கற டீச்சர் எங்க போவாங்க? கொடைக்கானல் டீச்சருங்க நிலைமையும் இதேதான், வத்தலக்குண்டு இறங்கி மதுரை வரைக்கும் ஓடணும். ஊட்டியில 2025 ஏப்ரல்ல 700 படுக்கையோட புது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறந்தாச்சு. அங்க பிஎன்ஒய்எஸ் டாக்டர் வெச்சு அக்குபங்சரை சாயங்காலமும் சனிக்கிழமையும் கொடுக்கணும், ஏன்னா ஓபி நடக்குற காலை நேரத்துல நாங்க கிளாஸ்ல இருக்கோம். அதே டாக்டர் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வாரம் ஒரு நாள் வீதம் வந்து போனா போதும், புதுக் கட்டிடமும் வேண்டாம் பெரிய மெஷினும் வேண்டாம், ஒரு ரூமும் நாலு கட்டிலும் இருந்தா நடக்கும். நரம்பு டாக்டரும் இவங்களும் ஒரே இடத்துல இருந்தா மாத்திரையை எப்ப குறைக்கலாம்னு பேசி முடிவு பண்ணுவாங்க, எங்களை யாரும் ஏமாத்தவும் முடியாது.

ஆசிரியர் சங்கங்கள் டிஏ, டெட், பழைய பென்ஷன்னு கேக்குற பட்டியல்ல இதையும், டீச்சருங்களுக்குத் தனி பாத்ரூமையும் சேத்து மாவட்ட நிர்வாகத்துக்கிட்ட மனு கொடுக்கணும்னு கேட்டுக்கறேன். மைக்ரேன் இருக்கற மத்த மலை டீச்சருங்களும் உங்க பத்திரிகைக்கு எழுதுங்க, எத்தனை பேர் இருக்கோம்னு சுகாதாரத்துறைக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.