லட்டுவுக்கும் சேர்த்து ஒரு வீடு

கும்பகோணம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அரசலாற்றில் தண்ணீர் ஓடுகிறது, அண்ணன் சம்பாவுக்கு நாற்று விடுவதில் மும்முரம். சின்னத்தை அந்த வெண்கலப் பானை விவகாரத்தை இன்னும் விடவில்லை. போதும், வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து உன் நாய் லட்டுவோடு சென்னைக்குக் குடிபோக, திருவான்மியூரில் கடல் தெரியும் வாடகை ஃபிளாட், நீச்சல் குளம், ஜிம், "நாயை வைத்துக்கொள்ளவும் சம்மதமாம்" என்று எழுதியிருக்கிறாய். யாருடைய சம்மதம்டி? புரோக்கர் சொன்னார் என்றால் அது கணக்கிலேயே வராது. அவர் வேலை சாவி கைமாறும் அன்றைக்கு முடிந்துவிடும்.

ஃபிளாட்காரர்கள் அசோசியேஷனுக்குப் பயப்படாதே. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தெளிவாக இருக்கின்றன. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் நாய் வளர்க்கக் கூடாது என்று தடுக்க முடியாது. சின்ன நாய்தான் சம்மதம் என்று அளவு வைக்க முடியாது. லிஃப்ட்டில் ஏற்றாதே என்றோ, ஏற்றினால் காசு கொடு என்றோ சொல்ல முடியாது. கேரள உயர் நீதிமன்றமும் 2021-ல் நாயைத் தடுக்கும் பைலாக்கள், அதாவது அசோசியேஷன் விதிகள், செல்லாது என்று சொல்லிவிட்டது.

வீட்டுக்காரர் சமாச்சாரம் வேறு. நாய் இருப்பவர்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு இடம் உண்டு. அந்த நிபந்தனை இருக்கும் அக்ரிமென்ட்டில் நீ கையெழுத்துப் போட்டுவிட்டால், வழிகாட்டுதலைக் காட்டி வாதாடுவது கஷ்டம். டைப் அடிக்கும் கடையில் வைத்திருக்கும் மாதிரிப் பத்திரங்கள் பலவற்றில் "வளர்ப்புப் பிராணிகள் கூடாது" என்ற வரி முதலிலிருந்தே கிடக்கும். ரெண்டு பேருமே படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். என்றைக்காவது கீழ்வீட்டோடு மனத்தாங்கல் வந்தால் அந்த வரி முளைக்கும். அதனால் அதை அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்: லாப்ரடார் இனம், பெண், வயது, எடை, மாநகராட்சி உரிம எண், இந்த நாய் வீட்டில் இருப்பது உரிமையாளருக்குத் தெரியும், சம்மதம், இதைக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்வதில்லை, கதவுக் கீறல், தரைக் கறை இருந்தால் பழுதுபார்க்கும் உண்மையான செலவை மட்டும் அட்வான்ஸில் கழிக்கலாம்.

அட்வான்ஸ் பற்றியும் சொல்கிறேன். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சென்னையில் பத்து மாதம் கேட்ட பழக்கம் இன்னும் சிலரை விடவில்லை. நாய்க்கென்று தனி டெபாசிட் கேட்டால் மறுத்துச் சண்டை போடாதே. திரும்பக் கிடைக்கும் தொகை என்று எழுதி வாங்கிக்கொள். அக்ரிமென்ட்டை அரசின் வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், மறக்காதே. வாடகை மாதம் 50,000-ஐத் தாண்டினால் டிடிஎஸ், அதாவது வாடகையிலிருந்தே வருமான வரி, பிடித்துக் கட்ட வேண்டியது நீதான். 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் கணக்கே வேறு, 30 சதவீதத்துக்கு மேல் போகும், ஆடிட்டரைக் கேள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது கடலையே பார்த்துக்கொண்டு நிற்காமல் தரையைப் பார். பளபளக்கும் மார்பிளில் லாப்ரடாருக்குக் கால் வழுக்கும். இடுப்பு மூட்டு கெட்டுப்போகிற ஜாதி அது. சிறுநீர் கொஞ்ச நேரம் நின்றாலே மார்பிளில் தடம் விழும். விட்ரிஃபைட் டைலில் கறை நிற்காது, வழுக்கல் மட்டும் உண்டு. அடியில் ரப்பர் வைத்த நீளமான விரிப்பு போட்டால் சமாளிக்கலாம். முழுக்க ஃபர்னிஷ் செய்த வீடு வேண்டவே வேண்டாம். தோல் சோஃபாவும் லட்டுவும் ஒரு வீட்டில் வாழ முடியாது. குடிபோகும் அன்றே கதவுகளின் அடிப்பக்கம், சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை, பால்கனிக் கம்பி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பு.

பவர் பேக்கப் எவ்வளவு என்று கேள். "முழு பேக்கப்" என்பார்கள். ஏசி ஓடுமா என்று கேட்டால் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும் என்று வரும். பகலில் பூட்டிய வீட்டில் கரண்ட் போனால் லட்டுவுக்கு அது உயிர் விஷயம். உப்புக் காற்றில் ஏசியின் வெளி யூனிட் சீக்கிரம் அரிக்கும், அதைப் போய் நேரில் பார். பால்கனி வலையின் கொக்கிகளும் அப்படித்தான் துருப்பிடிக்கும். உப்புக் காற்றைத் தாங்கும் 316 கிரேடு ஸ்டீலில் போடச் சொல்.

சென்னையில் நாய்க்கு உரிமமும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றைத் தஞ்சாவூரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்பு.

கடற்கரைக்குப் போனால் கயிற்றை விடாதே. லட்டு வெண்ணாற்றில் குடித்துக்கொண்டே நீந்திப் பழகியவள், கடல் தண்ணீரையும் அப்படியே குடிப்பாள். வாந்தி, பேதி நிச்சயம். கையில் நல்ல தண்ணீர் வைத்திரு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரியில் பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் முட்டையிட அந்தக் கரைக்கே வரும். அந்த நேரத்தில் அவளை மணல் பக்கம் கூட்டிப் போகவே வேண்டாம்.

வசந்தா, இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. வீடு கைவிட்டுப்போனால் அடுத்த வார்த்தையாக எல்லாரும் சொல்வது "நாயை எங்கேயாவது விட்டுவிடு" என்பதுதான். அப்படி விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். ஏழு வருஷம் உன் ரேழியில் படுத்தவளுக்கு ரோட்டில் பிழைக்கத் தெரியாது. அப்படி ஒரு நிலைமை வந்தால் யாரையும் கேட்காமல் இங்கே கொண்டுவா, என் கொல்லை பெரிசு.

வீட்டுக்காரரிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வரும்வரை டோக்கன் பணம் கொடுக்காதே, கொடுத்தால் திரும்பாது. அக்ரிமென்ட் டிராஃப்ட் வந்ததும் எல்லாப் பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.

அன்புடன்,
மீனா