லீவில் பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப் போ

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். போன் போட்டால், "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். நீ சொன்ன அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா பேசினாள். இந்த வருஷம் கொடைக்கானல் இல்லையாம், ஊருக்கும் வரவில்லையாம், பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கிறார்களாம். "அப்பாவும் எங்களோடதான் வீட்டுல இருக்காங்க அப்பாயி" என்று சந்தோஷமாகச் சொன்னாள். குழந்தையிடம் எதைக் கேட்பது? சரி என்று வைத்துவிட்டேன். அப்பாவிடமும் சொல்லவில்லை.

கொடைக்கானல் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் பிள்ளைகளை வீட்டில் அடைத்து வைக்காதே. நீயும் அடைந்து கிடக்காதே. மில் பூட்டிக் கிடந்த வருஷம் நீயும் அக்காவும் ஒரு லீவு நாளாவது வீட்டில் கிடந்தீர்களா? அதுதான் நல்ல லீவு என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். கையில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மெட்ராஸ் வெயிலுக்கு நேரம் பார்த்துப் போக வேண்டும். மே 4 கத்திரி ஆரம்பம், 28 வரை. காலையில் ஒன்பது மணிக்குள் ஒரு சுற்று, இல்லையென்றால் நாலரைக்கு மேல். நிலம் சூடேறினால்தான் கடல்காற்று உள்ளே வரும். சில நாள் மதியமே வந்துவிடும். மேற்குக் காற்று பலமாக அடிக்கிற நாளில் நேரமாகும், அன்றைக்குத்தான் வெயில் கொளுத்தும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்ததை மறந்திருக்க மாட்டாய். அப்படிப்பட்ட நாளில் சாயங்காலம் வரை கூரைக்குக் கீழேயே இருங்கள்.

வேளச்சேரியில் இருந்துகொண்டு பறக்கும் ரயிலில் ஏறாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் டிக்கெட். சின்னவனை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தால் போதும், கோட்டூர்புரம் தாண்டி அடையாற்றைக் கடக்கும்போது அவன் முகத்தைப் பார். ஆடி அசைந்து கடற்கரை ஸ்டேஷன் வரை போய் அப்படியே திரும்பினால்கூட அது ஒரு ஊர்வலம்தான். பஸ்ஸில் போனால் மருமகளுக்கும் பாப்பாவுக்கும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது, 2021 மே மாதத்திலிருந்து. நீ எதற்கெடுத்தாலும் கார் புக் பண்ணுகிறாய். கொஞ்ச நாளைக்கு அது வேண்டாம்.

பகல் நேரத்துக்குக் கோட்டூர்புரம் நூலகம். அண்ணா பெயரில் 2010-இல் திறந்தார்களே, அதுதான். உள்ளே போகக் காசு இல்லை, ஏசி உண்டு. குழந்தைகள் பகுதியில் நடுவில் பெரிய மரம் மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள், போன தடவை பாப்பா அதன் கீழே உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்றாள். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் தனியாக இடம் இருக்கிறது. வேலைக்குப் படிக்கிற பெரிய பிள்ளைகள் காலையிலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் வந்தாய், ஆபீஸ் இல்லையா என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. பிள்ளைகளை மேலே விட்டுவிட்டு நீ அங்கே உட்காரலாம். வீட்டில் இருப்பதைவிட மனசுக்கு நல்லது.

எழும்பூர் மியூசியத்துக்கு அவசியம் கூட்டிப் போ. வெள்ளிக்கிழமை லீவு, அதைப் பார்த்துக்கொள். 1851-லிருந்து இருக்கிற இடம். சின்னவனுக்குத் திமிங்கல எலும்புக்கூடு ஒன்றே போதும். பாப்பாவைச் செப்புத்திருமேனி இருக்கிற கட்டடத்துக்குக் கூட்டிப் போய், நம் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரைக் காட்டு. சீர்காழிப் பக்கத்துச் சாமி, மெட்ராஸில் நிற்கிறார். மொத்தம் மூன்றே கைதான், ஒரு பக்கம் இரண்டு கை, மறு பக்கம் ஒற்றைக் கை. எந்தப் பக்கம் அம்பாள் என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல். அப்பா உன்னிடம் அப்படித்தான் கேட்டார்.

மில் பூட்டிய அந்த வருஷம் அப்பா யாரிடமும் பேசவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். சங்கத்து ஆட்கள் வந்தால்கூடத் திண்ணைக்கு வர மாட்டார். பிள்ளைகள் மியூசியம் பார்க்கணும் என்கிறார்கள், எனக்குத் தனியாகப் பயம் என்று நான்தான் தினமும் சொல்லிச் சொல்லிக் கிளப்பினேன். எனக்கு ஒரு பயமும் கிடையாது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்படி இறங்கினாரே, எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அந்தச் சிலைக்கு முன்னால் நின்றுதான் ரொம்ப நாளைக்கப்புறம் வாய் திறந்து பேசினார். உன்னிடம்தான் பேசினார். நம் தெருவிலேயே முதல் இன்ஜினியர் என்று இன்றைக்கும் டீக்கடையில் உன்னைப் பற்றித்தான் பேச்சு. சம்பளத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை, தெரிந்துகொள்.

கடற்கரைக்குச் சாயங்காலம் போங்கள். லைட் ஹவுஸ் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்க விடாதே. மெரினாவில் அலை திரும்பும்போது காலுக்குக் கீழே இருக்கிற மணலையும் சேர்த்து இழுக்கும், பெரிய ஆளே தடுமாறுவான். சின்னவன் கையை விடாதே, போன் பார்க்காதே. சுண்டல் வாங்கிக் கொடு, பலூன் சுடட்டும், அவ்வளவு செலவு பண்ணலாம். இந்த மாதத்தில் பெசன்ட் நகர் பக்கம் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். ராத்திரியில் மணலைத் தோண்டி ஆமை இட்ட முட்டைகளை எடுத்து, வேலி கட்டிப் பாதுகாத்து, பொரிந்ததும் சாயங்காலமாகக் கொண்டுவந்து விடுகிறார்கள். 1988-லிருந்து காலேஜ் பிள்ளைகள் இதைச் செய்துவருகிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சு, தானாகவே தண்ணீரை நோக்கி ஓடும். காசு கொடுத்தாலும் கொடைக்கானலில் இதைப் பார்க்க முடியாது. அங்கேயும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதே.

இன்னும் கிண்டி இருக்கிறது, மயிலாப்பூர் குளக்கரை இருக்கிறது. மருமகளுக்குத் தெரியும், அவளைக் கேள். சாப்பாடு மட்டும் கையில் கொண்டு போங்கள். புளியோதரை வெயிலுக்குத் தாங்கும், தயிர் சாதத்துக்குப் பாதி பால் விட்டுப் பிசையச் சொல். வெளியே வாங்குவதானால் நுங்கு, தர்பூசணி, மோர். ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம், சின்னவனுக்குத் தொண்டை கட்டும்.

மருமகளிடம் சிடுசிடுக்காதே. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். நல்ல பெண், எல்லாம் நன்றாக இருக்கிறது அத்தை என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். அவள் குரலைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நீ பேசு தம்பி. மீட்டிங் முடிந்ததும் பேசு. என்னிடம் பேச முடியாவிட்டால் அக்காவிடமாவது பேசு.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதமும் வேண்டாம். அப்பாவின் மாத்திரை வாங்கியாயிற்று, வீட்டு வரியும் கட்டியாயிற்று. உளுந்து விற்ற காசு இருக்கிறது.

ஒரு சிப்பம் அரிசி, கொஞ்சம் உளுந்து, வடாம், மாவடு கட்டி வைத்திருக்கிறேன். புதன்கிழமை ராத்திரி பஸ்ஸில் போட்டுவிடுகிறோம். வியாழக்கிழமை காலையில் கிளாம்பாக்கம் வந்துவிடும். வேலை நாள்தான், ஆனாலும் மருமகளை அனுப்பாதே, நீயே போய் எடுத்துக்கொள். சின்னவனையும் கூட்டிப் போ, பஸ் பார்க்க அவனுக்குப் பிடிக்கும்.

இப்படிக்கு,
அம்மா