கட்டபொம்மன் படத்துக்காகச் சண்டை போடும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரசிகர்களே,

வணக்கம்.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959 மே மாதம் திரைக்கு வந்தது. அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. தொலைக்காட்சியில் போட்டாலும் சரி, 2015இல் டிஜிட்டலில் மெருகேற்றித் திரும்ப வெளியிட்டபோதும் சரி, பேச்சு அதே இடத்தில்தான் வந்து முட்டுகிறது. இப்படி ஒரு படம் இனி வருமா, இப்படி ஒரு நடிகர் இனிப் பிறப்பாரா என்று ஒரு பக்கம். நடிப்பா இது, வெறும் கத்தல் என்று இன்னொரு பக்கம். எல்லாம் கட்டிவிட்ட கதை, ஆள் நிஜத்தில் கொள்ளைக்காரன் என்று மூன்றாவது கூட்டம். இதற்கு நடுவில் சாதிக் கணக்கோடு வந்து உட்காருகிறவர்கள் தனி.

உங்கள் எல்லோரிடமும் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒவ்வொரு தரப்போடும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ‘கத்தல்’ என்று சொல்கிற இளைஞர்களிடம். இந்த விஷயத்தில் நான் படத்தின் பக்கம். திரைக்கு வருவதற்கு முன் இது சிவாஜி நாடக மன்றத்தின் மேடை நாடகம். மேடைக்கும் திரைக்கும் வசனம் எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. அதற்கும் முன்னால், தென்மாவட்டங்களில் கட்டபொம்மு கதை கூத்தாகவும் கும்மியாகவும் கதைப்பாடலாகவும் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டது. நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைத் தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார், கிடைத்தால் வாசித்துப் பாருங்கள். மைக் இல்லாத காலத்துத் திடலில், கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டிய குரல் அது. சிவாஜி அந்தக் குரலைத்தான் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பாட்டுக்குப் பதிலாக இந்தப் படத்து வசனத்தைப் போட்டார்கள், ஜனம் நின்று கேட்டது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அட்டை வாளோடு ஒரு பையன் ஏறி மூச்சுவிடாமல் ஒப்பித்தால் மொத்தக் கூட்டமும் கூடச் சேர்ந்து முணுமுணுத்தது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தவர்களுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரிந்திருக்காது. இன்றைய அடங்கிய நடிப்பை அளவுகோலாக எடுத்துக்கொண்டு போய் அதை அளந்தால் எதுவும் கிடைக்காது.

சரி, இப்போது படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களிடம். படத்தை நேசியுங்கள். ஆனால் ஜாக்சன் துரையோடு நடக்கும் அந்தச் சந்திப்பைக் காட்டி ‘இதுதான் வரலாறு’ என்று சொல்லாதீர்கள். நடந்தது வேறு. 1798இல் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கலெக்டர் ஜாக்சன் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனை ராமநாதபுரத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். இவர் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் பேட்டி கொடுக்காமல், தன் முகாமுக்குப் பின்னாலேயே ஊர் ஊராக அலையவிட்டார். கடைசியில் செப்டம்பர் மாதம் ராமநாதபுரத்தில்தான் சந்திப்பு நடந்தது. அங்கே கட்டபொம்மனையும் அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையையும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தே விசாரித்தார் ஜாக்சன். கிஸ்தி, அதாவது வரி, பாக்கி 3,310 பகோடா (அந்தக் காலத்து நாணயம்) என்று சொல்லிக் கூப்பிட்டவர்கள், கணக்கைச் சரிபார்த்தபோது மிச்சம் 1,080 பகோடாதான் என்று தெரிந்தது. அதாவது கட்டபொம்மன் வரி கட்டிக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் அவரை அங்கேயே பிடித்து வைக்கப் பார்த்ததில் கைகலப்பு ஆகி, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், பிள்ளை பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பி வெளியேறினார்.

இந்தச் சந்திப்பு படத்தில் வருகிறதைவிட எனக்கு நெஞ்சை அதிகமாக அடைக்கிறது. ஒரு பாளையத்தின் தலைவர், பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டிவிட்ட மனிதர், கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் கால் கடுக்க நிற்கிறார். எதிரே நாற்காலியில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வசனமே வேண்டாம். கும்பினி ஆட்சி என்றால் என்ன என்பதை அந்த மூன்று மணி நேரம் சொல்லிவிடும்.

இதே ஆவணங்களை ‘கொள்ளைக்காரன்’ கட்சிக்காரர்களும் படிக்க வேண்டும். ராமநாதபுரத்துச் சம்பவத்தை விசாரிக்கச் சென்னையில் கும்பினியே ஒரு குழு போட்டது. பிரௌன், ஓரம், காசாமேஜர் என்ற மூன்று வெள்ளைக்காரர்கள். தப்பு ஜாக்சன் மேல் என்றுதான் அவர்கள் முடிவு சொன்னார்கள். ஜாக்சன் வேலை இழந்தார், அவர் இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். பாளையக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் எல்லையில் ஒருவர் புகுந்ததும், காவல் வரி என்ற பெயரில் கிராமத்தார் அவதிப்பட்டதும் உண்டு. ஆனால் எதிரி எழுதி வைத்த வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே எதிரி அமைத்த குழுவின் தீர்ப்பை மறைப்பது நியாயம் ஆகாது.

சாதிக் கணக்கோடு வருகிறவர்களிடம் நீளமாகப் பேச எனக்கு விருப்பம் இல்லை. பாஞ்சாலங்குறிச்சிக்காகச் செத்தவர்களின் பட்டியலில் நாயக்கர் உண்டு, தேவர் உண்டு, பிள்ளை உண்டு, தேவேந்திரர் குலத்து வீரன் சுந்தரலிங்கம் உண்டு. காட்டிக்கொடுத்த பழி முழுவதையும் பக்கத்துப் பாளையமான எட்டயபுரத்தின் தலையில் கட்டியதால், அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்றும் கேலியைச் சுமக்கிறார்கள். கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இருந்தது எல்லைத் தகராறு, ஜாக்சன் ஜில்லாவுக்கு வருவதற்கு முன்பே இருந்த பழைய பகை. எட்டயபுரம் கும்பினிக்குத் துணை போனது உண்மைதான். இருநூறு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இனி என் கோரிக்கை.

நீங்கள் எல்லோரும் ஒரு மனிதரைப் பற்றியே அடித்துக்கொள்கிறீர்கள். அவர் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். படமும் அதோடு முடிகிறது. ஆனால் போர் அதோடு முடியவில்லை. பெரிய போர் அதற்குப் பிறகுதான் வந்தது. அதை நடத்தியவர், படத்தில் அண்ணனின் நிழலில் வந்துபோகும் ஊமைத்துரை.

1801 பிப்ரவரி 2 இரவு. பாளையங்கோட்டையில் வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிறைக்குள் அம்மை பரவியதால் கைதிகளின் விலங்கைக் கழற்றியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஊமைத்துரையும் கூட்டாளிகளும் காவலர்களை மடக்கிவிட்டு வெளியேறி, விடிவதற்குள் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் போய்ச் சேர்கிறார்கள். கும்பினி இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை அது. சில நாளில் மெக்காலே படையோடு வந்து பார்த்தால் கோட்டைச் சுவர் மறுபடி எழுந்து நிற்கிறது. மண் சுவர். பீரங்கிக் குண்டு விழுந்தால் கல் சுவர் பிளக்கும், மண் சுவர் குண்டை விழுங்கிக்கொள்ளும். மார்ச் 31 அன்று கும்பினி ஏறித் தாக்கிப் பெருத்த இழப்போடு பின்வாங்கியது. கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்து, மே 24 அன்றுதான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 1959 படத்தின் போர்க் காட்சிகளை ஜெய்ப்பூர்ப் பக்கம் எடுத்தார்கள். குதிரைகள், வெட்டவெளி, பிரமாண்டம் எல்லாம் இருக்கிறது. கரிசல் மண் இல்லை. ஊர் ஜனம் கூடிக் குழைத்து எழுப்பிய அந்த மண் சுவர் இல்லை. பாஞ்சாலங்குறிச்சியின் உண்மையான பிரமாண்டம் அந்தச் சுவர்தான் என்பது என் எண்ணம்.

ஊமைத்துரையைப் பற்றி நமக்கு மிகத் தெளிவான சித்திரம் தந்தவர் அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி. 1830இல் வெளியான தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார்: உயரமான, ஒல்லியான, நோயாளி போலத் தோன்றும் இளைஞன், வாய் பேச முடியாதவன், அவன் காட்டிய ஒவ்வொரு சைகையும் கட்டளை. சிறு வைக்கோல் துண்டுகளை எடுத்து இடது உள்ளங்கையில் வரிசையாக அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. பிறகு எப்போது, எப்படி என்று சைகையில் காட்டிவிட்டு, வாயால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் எழுப்பி, வலது கையால் அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார். தாக்குதல் தொடங்கிவிடும்.

கண்ணை மூடி இதை ஒரு குளோசப்பாக நினைத்துப் பாருங்கள்.

அதே வெல்ஷ் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். கோட்டை விழுந்தபின், பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் பிணங்களுக்கு நடுவே தங்கள் ஆட்களைத் தேடி வருகிறார்கள். ஒரு கிழவி தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள், உயிர் இருக்கிறது. தூக்கப் போனால் அவன், என்னை விடம்மா, பக்கத்தில் சாமி காயம்பட்டுக் கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அவள் மகனை விட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போகிறாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது வெள்ளைத் துணியைப் போர்த்திப் பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். பையன் ஒருவன் அம்மையில் செத்துப்போனான் என்கிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஊரை விட்டே ஓடிவிடுகிறார்கள். அந்தக் கிழவியின் பெயரோ மகனின் பெயரோ அந்தக் குறிப்பில் இல்லை.

உயிர் பிழைத்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போனார். மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்டது, எல்லா வருணத்தாரும் முஸ்லிம்களும் சேர்ந்து வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்று. காளையார்கோவில் காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே நாள் நாளாக முன்னேறப் பார்த்த கும்பினிப் படை, ஒரு கட்டத்தில் அந்த வேலையைக் கைவிட வேண்டி வந்தது. ஆனாலும் கடைசியில் வென்றது கும்பினிதான். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை. சின்ன மருதுவின் சிறுவயது மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

மருதுவின் கதையும் படமாக வந்தது, தெரியுமா? ‘சிவகங்கைச் சீமை’, கண்ணதாசன் தயாரித்தது, கே. சங்கர் இயக்கியது. அதுவும் 1959 மே மாதம்தான். கட்டபொம்மன் வண்ணத்தில் வந்தது, இது கறுப்பு வெள்ளை. அந்த வெளிச்சத்தில் இது மங்கிப்போனது. ஒரே போரின் முன்பாதியும் பின்பாதியும் ஒரே மாதத்தில் நம் திரையரங்குகளில் ஓடின, நாம் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அறுபது வருஷத்துக்கும் மேலாகச் சண்டை போடுகிறோம். விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் பாடல்களுக்காகவாவது அதைத் தேடிப் பாருங்கள்.

நான் கேட்பது 1801ஐப் பற்றிய ஒரு படம். ஊமைத்துரையை நடுவில் வைத்து. வசனத்தின் உச்சத்தை நாம் 1959இல் பார்த்துவிட்டோம், அதைத் தாண்ட யாராலும் முடியாது, தாண்டப் பார்க்கவும் வேண்டாம். இந்த நாயகன் படம் முழுக்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. கையும் கண்ணும் மண்ணும் பேசட்டும். கத்தல் பிடிக்காதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான காலனியப் போர்ப்படம் எது? கட்டபொம்மனைக் கொண்டாடுகிறவர்களுக்கு, அவர் தொடங்கியதை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை இருக்காதா? ஆதாரம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு எதிரியின் கைப்படவே ஆதாரம் இருக்கிறது.

ஆகவே நீங்கள் மூன்று தரப்பாரும் அடுத்த முறை இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது, கூடவே இதையும் கேளுங்கள். இயக்குநர்களிடம் கேளுங்கள், தயாரிப்பாளர்களிடம் கேளுங்கள், ரசிகர் மன்றங்களில் கேளுங்கள். நாளைக்கு யாராவது துணிந்து எடுக்க வந்தால் மூன்று விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊமைத்துரை வாயில் வசனம் திணிக்கக் கூடாது. கோட்டை மண் கோட்டையாக, கரிசலில் இருக்க வேண்டும். அந்தக் கிழவியும் அவள் மகனும் பாட்டுக்கு நடுவில் வெட்டுப்படாமல், முழுக் காட்சியாக வர வேண்டும்.

அன்புடன்,
உங்களில் ஒரு ரசிகன்