சாம்பல் நிறப் பாரா

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ பேசி மூன்று ஞாயிறு ஆகிறது. பரீட்சை நெருங்குகிறது, அதனால்தான் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் சரி என்றாள். சரி என்றுவிட்டு, செல்போனைச் சார்ஜரிலிருந்து கழற்றாமல் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். வாட்ஸ்அப்பில் நீ கட்டைவிரல் படம் மட்டும் போடுகிறாய். கட்டைவிரலைப் பார்த்து நாங்கள் என்ன தெரிந்துகொள்வது?

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. பெரியப்பா அம்பை நில விஷயமாக வந்துவிட்டுப் போனார், வழக்கம்போலத்தான். அத்தை அந்தச் சங்கிலியைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. கடையில் பெரிய ஜெராக்ஸ் மிஷினுக்கு மறுபடியும் டிரம் போய்விட்டது. எம்.ஃபில். படிப்பை யு.ஜி.சி. நிறுத்தியதிலிருந்து பைண்டிங் வேலையும் பாதிதான். அது கிடக்கட்டும்.

உன் கட்டுரை வகுப்பு எப்படிப் போகிறது? கம்ப்யூட்டர் படிக்கப் போன பிள்ளைக்கு முதல் வருஷத்தில் எதற்கு இங்கிலீஷ் கட்டுரைப் பாடம், அதற்கு இவ்வளவு டாலரா என்று அண்ணனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். அங்கே பெரும்பாலும் எல்லாக் கல்லூரியிலும் அது கட்டாயம் சித்தப்பா, ஹார்வர்டில் 1885-லேயே முதல் வருஷத்துக்கு வைத்துவிட்டார்கள் என்றான். நம் வீட்டில் 1885-ல் இருந்தவர்கள் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பரில் நீ அனுப்பினாயே, டீச்சரம்மா கொடுத்த தாள், அதைக் கலர் பிரிண்ட் எடுத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஒரே ஒரு கட்டுரைக்கு ஆறு தேதி. முதலில் கேள்வி மட்டும். பிறகு என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு பக்கம். பிறகு, படித்தது ஒவ்வொன்றுக்கும் அது என்ன சொல்கிறது, எனக்கு எதற்கு உதவும் என்று நாலைந்து வரி. பிறகு வரைவு. அதைப் பக்கத்து சீட்டுப் பிள்ளை படித்துக் குறை சொல்ல வேண்டும். கடைசியில்தான் முழுக் கட்டுரை. இருபத்தாறு வருஷமாக ஆய்வேடு அடித்துக் கொடுப்பவன் நான். நம் கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரே தேதிதான் உண்டு, நாளைக்கு.

எம்.எல்.ஏ. முறையில் எழுத வேண்டும் என்று அதில் பார்த்தபோது நம்மூர் எம்.எல்.ஏ.தான் ஞாபகத்துக்கு வந்தார். அது மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்ற சங்கம் வகுத்த கட்டுரை முறையாம். அப்புறம் விதிகளைப் படித்தேன். இரண்டு வரி இடைவெளி, சுற்றிலும் ஓர் அங்குலம், ஒவ்வொரு பக்கத்திலும் வலது மூலையில் குடும்பப் பெயரும் பக்க எண்ணும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் என் பெயரைத்தானே உன் பெயருக்குப் பின்னால் போட்டோம். ஆக, பிளஸ் டூவோடு நின்றவன் பெயர் அமெரிக்காவில் பக்கத்துக்குப் பக்கம் நிற்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பைண்டிங் பையனிடம் மட்டும் சொன்னேன். டீக்கடையில் ஒரு தடவை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எதை எங்கே படித்தாலும், படித்த உடனே எங்கிருந்து எடுத்தாய் என்று எழுதிவிடு. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அப்புறம் வராது. வேறொருவர் வரி என்றால் மேற்கோள் குறி போடு. அது நமக்குப் புதிய பழக்கமா என்ன? தொல்காப்பியர் முதல் சூத்திரத்திலேயே எழுத்து முப்பது என்று தன் சொல்லாகச் சொல்லவில்லை. ‘முப்பஃது என்ப’ என்கிறார், அப்படிச் சொல்வார்கள் என்று. நீ ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து ஒப்பித்தது. எனக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்கு இருக்கிறதா?

கட்டுரைக்கு நீ உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை எடுத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அத்தை மகள் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் பட்டு எடுத்துவிட்டு, வந்த வேனிலேயே போனோமே. அம்மா வெயில் என்று வேனிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ ஏழாம் வகுப்பு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போனாய். ‘க’ கண்டுபிடித்தாய், ‘ட’ கண்டுபிடித்தாய். நடுவில் வந்த கிரந்தம் உனக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அக்டோபரில் ஒருநாள் நம் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாய். கல்வெட்டு ஆய்வாளர் வெங்கையா 1904–05-ல் தொல்லியல் துறை ஆண்டறிக்கையில் அந்தக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதியது லைப்ரரியில் கிடைத்துவிட்டது என்று கத்தினாய். முதலாம் பராந்தகன் காலம், முதல் கல்வெட்டு 919, அடுத்தது 921. முதலாவதில் வாரியத்துக்கு, அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவுக்கு, நிற்பவர் வயது முப்பதிலிருந்து அறுபது. இரண்டே வருஷத்தில் முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று மாற்றியிருக்கிறார்கள். “ஏன்பா மாத்தினாங்க? இரண்டு வருஷத்துல என்ன தப்பு நடந்தது?” என்று கேட்டாய். எனக்குத் தெரியாது என்றேன். “தெரியலேன்னாதான்பா அது கேள்வி, டீச்சர் சொன்னாங்க” என்றாய். பாப்பா, கடைக்கு வந்த எத்தனையோ டாக்டர் பட்டங்களுக்கு அட்டை போட்டிருக்கிறேன், பொன் எழுத்து அச்சடித்திருக்கிறேன். அதில் ஒருவர்கூட என் எதிரில் நின்று அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

பெருமைப்பட்டுக் கெட்டுப்போகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

சரி, சுற்றி வளைக்க வேண்டாம். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அவனைக் கோபிக்காதே, நான் கிண்டிக் கேட்டதில்தான் வந்தது. டீச்சரம்மா உன்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்களாம், உன் வரைவில் ஒரு பாரா வேறெங்கோ இருப்பதோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறதாம். அம்மாவுக்கு நான் சொல்லவில்லை.

கேட்டதும் எனக்கு முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. வீட்டை அடகு வைத்து அனுப்பினால் இதுவா என்று வந்தது. ராத்திரி படுத்த பிறகு அந்தக் கோபம் நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. நாலு நாளாக இந்த இடம் வரைக்கும் வந்துவிட்டு மூடி வைக்கிறேன்.

வரைவை எனக்கு அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா, ‘வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் என்றால் சரியாக என்ன அர்த்தம்பா’ என்று கேட்டு. அன்றைக்கு ஆயுத பூஜை. கடையைக் கழுவிவிட்டு, மிஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, கீபோர்டுக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தேன். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொட்டதற்காக உன்னைக் கண்டித்தவன், பொட்டு வைத்த கீபோர்டில் உன் ஃபைலைத் திறந்தேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பாரா. எழுத்து கருப்பு இல்லை, அடர்ந்த சாம்பல். மற்ற இடங்களில் மேற்கோள் குறி வளைந்திருந்தது, அங்கே மட்டும் நேராக நின்றது. வரி இடைவெளி ஒரு நூல் குறைவு. ஒரு வாக்கியத்தின் கடைசியில் சதுர அடைப்புக்குள் 3 என்ற எண், எந்த வலைப்பக்கத்திலிருந்தோ கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. குடவோலை என்பது உலகத்தின் முதல் ஜனநாயகம், ஊரே கூடி ஓட்டுப் போட்டது என்று ஒரே அளப்பு. அடுத்த பாராவில் நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், முப்பது குடும்புகளிலிருந்து, நம் வார்டு மாதிரி, வந்த ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொன்னார்கள், எல்லோருக்கும் அதில் இடமில்லை என்று. உன் இங்கிலீஷ் கொஞ்சம் தடுக்கும், ஆனால் நீ பேசுவது மாதிரியே இருக்கும். ஒட்டிய பாரா வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை கண்டுபிடிக்க. இதுதானே என் தொழில்.

கண்டுபிடித்து என்ன செய்தேன் தெரியுமா? உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் மொத்தத்தையும் செலக்ட் பண்ணி டைம்ஸ் நியூ ரோமன், பன்னிரண்டு, கருப்பு, இரட்டை இடைவெளி என்று தட்டினேன். குறிகளை வளைத்தேன். அந்த 3-ஐ அழித்தேன். ‘பார்த்துவிட்டேன், நன்றாக வந்திருக்கிறது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். நீ கேட்ட அர்த்தத்தைக்கூடச் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது என்று என்னையே நான் நம்ப வைத்துக்கொண்டேன்.

அந்தக் கை எங்கே பழகியது என்று உனக்குச் சொன்னதில்லை. நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒருவர் பழைய ஆய்வேடு ஒன்றைக் கொண்டுவந்தார். தேனி மாவட்ட நுகர்வோர் விழிப்புணர்வு. அதைக் கரூர் ஆக்க வேண்டும், திங்கட்கிழமை கொடுக்க வேண்டும் என்றார். ரீபிளேஸ் ஆல் கொடுத்தேன். ‘தேனில் கலப்படம்’ என்பதெல்லாம் ‘கரூர்ல் கலப்படம்’ ஆகிப்போனது. பைண்டிங் முடிந்த பிறகுதான் பார்த்தேன். சொல்லாமல் கொடுத்துவிட்டேன். அவருக்குப் பட்டம் கிடைத்தது, ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். இதைக் கடையில் வேடிக்கைக் கதையாக எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், நீயும் சிரித்திருக்கிறாய்.

2018-ல் ஆய்வேட்டில் காப்பியடிப்பதைத் தடுக்க யு.ஜி.சி. விதி வந்தது. பத்து சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. அதற்கப்புறம் வந்தவர்களில் சிலர் சதவீதத்தைக் குறைத்துத் தரச் சொன்னார்கள். ‘முக்கியமான’ என்பதை ‘இன்றியமையாத’ ஆக்குவேன், வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவேன். டைப்பிங்குக்கு ஒரு ரேட், குறைப்புக்குத் தனி ரேட். உன் பிளஸ் டூ டியூஷன் கட்டியது அந்த ரேட்டில்தான். அம்மாவுக்கு ஏதோ எக்ஸ்ட்ரா வேலை என்று மட்டும் தெரியும்.

நீ கேட்ட அர்த்தத்தை இப்போது சொல்கிறேன். வாரியத்தில் இருந்துவிட்டு, வந்தது என்ன, போனது என்ன என்று ஒப்படைக்காமல் போனவன். அவன் மறுபடி ஓலையில் பெயர் எழுதத் தகுதி இல்லாதவன். அவன் மட்டுமில்லை, அவனுடைய தகப்பன், மகன், மருமகன், மைத்துனன் என்று ஒரு பட்டியலே போட்டு எல்லோரையும் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று நீதானே வரைவில் எழுதியிருந்தாய். உன் பட்டியலில் மகள் இல்லை, சபையில் பெண்களே இல்லாத காலம். அந்த ஒரு விதத்தில் நீ தப்பித்தாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ அனுப்பிய ஃபைலை நான் அழிக்கவில்லை. கஸ்டமர் ஃபைல் எதையும் அழிக்கும் வழக்கமில்லை, அதுவும் நல்லதற்குத்தான் ஆகியிருக்கிறது. இரண்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். முதலாவது சாம்பல் பாராவோடு நீ அனுப்பியது. இரண்டாவது நான் கை வைத்தது. தேதியும் நேரமும் இரண்டிலும் இருக்கும். டீச்சரம்மாவிடம் காட்டுவதானால் காட்டு. நிறத்தை மாற்றியதும், 3-ஐ அழித்ததும் அப்பா என்று சொல். எழுதித் தரவேண்டுமென்றால் எழுதித் தருகிறேன், என் இங்கிலீஷில். ஒட்டியது நீ, அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பாராவை எடுத்துவிட்டு உன் பாராவிலிருந்தே கட்டுரையைத் தொடங்க முடியுமா என்று பார். எனக்குத் தெரிந்தவரை முடியும்.

மறுபடியும் சொல்கிறேன், எங்கிருந்து எடுத்தாய் என்று எழுதிவிடு. சாப்பிடு.

எள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் அண்ணனின் நண்பர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். ஹார்லிக்ஸ் டப்பாவில் இருப்பது எள்ளு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழு வரை அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், உனக்கு அங்கே சனிக்கிழமை சாயங்காலம். போனை எடுத்துக்கொண்டு மாடியில் இருப்பேன்.

அப்பா