கவுன்சிலர் இல்லாத தெருவிலிருந்து

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நம் தெரு நலச் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு 48 வீடுகளில் 9 வீட்டிலிருந்துதான் வந்திருந்தீர்கள். உள்ளாட்சித் தேர்தல் நடத்தச் சொல்லி முதல்வருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் அனுப்ப ஒரு மனு எழுதி வைத்திருந்தேன். நான்கு பேர் கையெழுத்துப் போட்டீர்கள். "எம்.எல்.ஏ. பக்கத்திலேயே இருக்கார், கவுன்சிலர் எதுக்குக்கா?" என்று ஒரு தம்பி கேட்டார். அன்றைக்கு எனக்குக் கோர்வையாகப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தக் கவுன்சிலர்களின் காலம் 2011ல் முடிந்தது. அதற்கப்புறம் தேர்தலே இல்லை. 2021ல் தேதிகூட அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டு வழக்கில் அதுவும் நின்றுபோனது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல் என்று அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் சொல்கிறது.

கேள்வி கேட்ட தம்பி 1988க்குப் பிறகு பிறந்தவர். எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் தவறாமல் ஓட்டுப் போடுகிறார். கவுன்சிலருக்கு ஓட்டுப் போட அவருக்கு ஒரு வாய்ப்புகூட வந்ததில்லை. பார்த்தே இராத ஒன்றை எப்படித் தேடுவார்? அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. 2006ல் வரிசையில் நின்றுவிட்டு, அப்புறம் மறந்துபோன நம்மேல்தான் வருத்தம்.

அந்த ஐந்து வருஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் பால் பூத்தில் கவுன்சிலரும் நம்மோடு நிற்பார். "தெருக்கோடி லைட்டு மூணு நாளா எரியலை" என்றால், பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே வந்து கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். சொன்னதெல்லாம் நடந்துவிடவில்லை. வாய்க்கால் அடைப்புக்காக ஆறு மாதம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் சண்டை போட ஓர் ஆள் இருந்தார். மறுபடி ஓட்டுக் கேட்டு இதே தெருவுக்கு வர வேண்டிய ஆள்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அன்றைக்கு அதே வாய்க்கால்தான் எதிர்த்து ஏறியது. மூன்றாம் வீட்டுப் பாட்டியை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். நாற்காலிக்கு அடியில் அரிசி மூட்டை மிதந்தது. அந்த வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி முன்பே மூன்று மனு கொடுத்திருந்தோம். "இது எங்க செக்‌ஷன் இல்லை" என்று ஓர் அலுவலகம் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டியதோடு சரி.

தம்பி சொன்னது ஒருவகையில் உண்மைதான். நம்முடையது சின்ன ஊர், புதுச்சேரி முழுக்கவே எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் தொகுதிகள் 30தான். எம்.எல்.ஏ. வீட்டுக் கதவை யாரும் தட்டலாம். ஆனால் நகராட்சிப் பணத்தில் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று பேசி முடிவெடுக்க வேண்டியது நகராட்சி மன்றம். இப்போது அந்த மன்றமே இல்லை, அரசு நியமித்த ஆணையர்தான் எல்லாம். நாம் கட்டும் வீட்டு வரி அங்கேதான் போகிறது. நம் வரிப் பணத்தில் நடக்க வேண்டிய வேலையை எம்.எல்.ஏ.விடம் போய் உதவி கேட்பது போலக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றம் மாறாமல் திரும்பக் கட்டி 2021ல் திறந்தார்கள். மேரி என்றாலே பிரெஞ்சில் நகராட்சி மன்றக் கட்டடம். நான் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் உள்ளே கவுன்சிலர்கள் உட்கார வேண்டிய நாற்காலிகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை 10 மணியிலிருந்து மனு என் வீட்டுத் திண்ணையில் இருக்கும். படித்துப் பாருங்கள், தப்பிருந்தால் திருத்துங்கள். புயலன்று எடுத்த படம் போனில் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், மனுவோடு இணைக்கலாம். கேள்வி கேட்ட தம்பி அவசியம் வர வேண்டும். வாய்க்காலைப் பற்றிய பத்தியை அவர் கையால் எழுதினால் நன்றாக இருக்கும். பாட்டியின் நாற்காலியை ஒரு பக்கம் பிடித்தவர் அவர்தான்.

அன்புடன்,
உங்கள் தெருவில் ஒருத்தி