ரேம் போட்டும் நகராத முகவரித் தேடல்: மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
ஃபைபர் இணைய இணைப்பு நிலையம்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஐபி முகவரித் தேடல் திரை இண்டெக்ஸை, அதாவது தரவைச் சட்டென்று தேட வரிசைப்படுத்தி வைத்த பட்டியலை, பயன்படுத்தாதது; தேவையில்லாமல் வாங்க வைத்த ரேமுக்கான (சர்வர் நினைவகத்துக்கான) பணம்.

ஐயா,

பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் பகுதிகளில் நாங்கள் கொடுக்கும் இணைப்புகள் எல்லாம் உங்கள் மென்பொருளில்தான் ஓடுகின்றன. பில், ரீசார்ஜ், ரசீது எதிலும் குறை சொல்ல மாட்டேன். என் புகார் முகவரித் தேடல் திரையைப் பற்றியது மட்டும்.

சைபர் கிரைம் பிரிவிலிருந்து கடிதம் வரும். ஐபி முகவரி, போர்ட் எண், தேதி, நேரம் எல்லாம் போட்டு, 'இந்த நேரத்தில் இது யாருடைய இணைப்பு?' என்று கேட்பார்கள். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் (பதிவுகள்) வைத்திருக்க வேண்டும், வைத்திருக்கிறோம். ஆனால் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடியாத லாக் இருந்து என்ன பயன்? முகவரியைப் போட்டு பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் 'நேரம் முடிந்தது' என்று வருகிறது. எதிரில் போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கும்போது அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாது.

உங்கள் ஆள் ரிமோட்டில் வந்து பார்த்தார். 'டேட்டா கூடிப்போச்சு சார், ரேம் பத்தாது' என்றார். வாங்கிப் போட்டோம். மாற்றமில்லை. மறுபடி கேட்டதற்கு இண்டெக்ஸ் பட்டியலைத் திறந்து காட்டி, 'பாருங்க, முகவரிக்கு இண்டெக்ஸ் இருக்கு சார்' என்றார். இருக்கிறது, மறுக்கவில்லை. உங்கள் குவெரி (தேடல் கட்டளை) அதைத் தொடுவதே இல்லை என்பதுதான் என் புகார்.

சர்வர் எங்களுடையது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நாங்களே பார்க்கலாம். குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கட்டளையை அந்தக் குவெரிக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் வரியிலேயே சீக்வென்ஷியல் ஸ்கேன். அதாவது அட்டவணை முழுவதையும் ஒவ்வொரு வரிசையாகப் படிக்கிறது. காரணமும் அங்கேயே தெரிந்தது. முகவரியை வெறும் எழுத்தாக, டெக்ஸ்ட் வகையில் சேமித்திருக்கிறீர்கள். தேடும்போது மட்டும் ஒவ்வொரு வரிசையிலும் அந்த எழுத்தை, ஐபி முகவரிக்கென்றே போஸ்ட்கிரெஸில் உள்ள ஐநெட் வகைக்கு மாற்றி ஒப்பிடுகிறீர்கள். இண்டெக்ஸ் கட்டியிருப்பது எழுத்துக்கு, குவெரி கேட்பது மாற்றிய மதிப்பை. இரண்டும் சந்திக்கவே வழியில்லை. பெயர் அகர வரிசையில் அடுக்கிய வாக்காளர் பட்டியலைக் கையில் கொடுத்து, வீட்டு எண்ணைச் சொல்லி ஆளைக் கண்டுபிடி என்பது போல. ரேம் எவ்வளவு போட்டாலும் பட்டியலை முதலிலிருந்து புரட்டத்தான் வேண்டும். (நேரத்துக்கு இண்டெக்ஸ் இருக்கிறதே என்பீர்கள். 'இந்த நேரத்துக்கு முன் தொடங்கி, பின் முடிந்த' இணைப்புகளைக் கேட்கும்போது அது பாதி அட்டவணையைக் கூடக் கழித்துத் தருவதில்லை.)

மெதுவாக வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தவறாக வருவதை எப்படிப் பொறுப்பது? முகவரியின் ஒரு பகுதியை மட்டும் போட்டுத் தேடும் வசதியில் உள்ளே எழுத்தாக மட்டும் ஒப்பிடும் லைக் வைத்திருக்கிறீர்கள். 10.20.1 என்று போட்டால் 10.20.1.5 வருகிறது, கூடவே 10.20.10.5, 10.20.117.5, 10.20.199.5 எல்லாம் வருகின்றன. எழுத்தாகப் பார்த்தால் எல்லாம் 10.20.1 என்றுதான் தொடங்குகின்றன. எங்கள் வலையமைப்பில் 10.20.1 தங்கச்சிமடத்துத் தெரு ஒன்று, 10.20.117 பாம்பனில் இருக்கிறது. சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டுக்காரர் பெயர் போலீஸ் பட்டியலில் ஏறியிருந்தால் யார் பதில் சொல்வது? புள்ளியோடு தேடச் சொல்லி உங்கள் ஆள் வழி சொன்னார். அது மறக்காதவர்களுக்கான வழி. போதாக்குறைக்கு, வரிசைப்படுத்தினால் 10.20.1.10 முன்னால் வருகிறது, 10.20.1.9 பின்னால் வருகிறது.

தரவுத்தளத்தின் நகல் ஒன்றில் நானே செய்து பார்த்தேன். முகவரிப் பத்தியை ஐநெட் வகைக்கு மாற்றி, மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் கட்டினேன். '10.20.1.0/24-க்குள் (10.20.1.0 முதல் 10.20.1.255 வரை) இருப்பவை' என்று <<= குறியால் கேட்டதும் இண்டெக்ஸ் ஸ்கேன் வந்துவிட்டது. ஒரு தொகுதிக்குள் இருக்கும் முகவரிகள் வரிசையில் அடுத்தடுத்து நிற்பதால், போஸ்ட்கிரெஸ் அந்தக் கேள்வியை 'இங்கிருந்து இதுவரை' என்று மாற்றிக்கொள்கிறது. பாம்பன் வீடுகளும் பட்டியலில் இல்லை.

ஐபிவி6 என்ற புதிய, நீளமான முகவரி முறைக்கு அது மட்டும் போதாது. நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் தனி முகவரி பதிவாவதில்லை, /56 போன்ற ஒரு தொகுதியே (முதல் 56 பிட் ஒன்றாக உள்ள முகவரிகளின் கூட்டமே) பதிவாகிறது. போலீஸ் தருவதோ 128 பிட் முழு முகவரி. ஆக கேள்வி தலைகீழாகிறது: இந்த முகவரியை எந்தத் தொகுதி தனக்குள் வைத்திருக்கிறது? அதற்கான குறி >>=. இதற்குப் பி-ட்ரீ உதவாது. உள்ளடக்கும் தொகுதி /48 ஆக இருக்கலாம், /56 ஆக இருக்கலாம், /64 ஆகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் வரிசையில் வெவ்வேறு இடத்தில் கிடக்கும், 'இங்கிருந்து இதுவரை' என்று சொல்ல முடியாது. இதற்கென்றே போஸ்ட்கிரெஸ் 9.4-இல், 2014-லேயே, ஐநெட் வகைக்கு ஜிஸ்ட் என்ற வேறு வகை இண்டெக்ஸ் வந்துவிட்டது. நாங்கள் ஓட்டுவது 16-ஆம் பதிப்பு. கட்டும்போது ஐநெட்_ஆப்ஸ் என்று பெயர் சொல்லியே கட்ட வேண்டும். சொல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. கட்டியபின் அதே தேடல் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. புது ரேமைக் கழற்றி வைத்துவிட்டும் பார்த்தேன், அப்போதும் அப்படித்தான்.

தடைப் பட்டியல் அறிக்கையும் இதே நோயில்தான் கிடக்கிறது. அங்கே ஒரு அட்டவணையின் தொகுதிகளை இன்னொரு அட்டவணையின் முகவரிகளோடு சேர்க்கிறீர்கள். <<= குறியின் வலப்பக்கம் நிலையான மதிப்பு இருந்தால்தான் பி-ட்ரீ கைகொடுக்கும்; பத்தி இருந்தால் கொடுக்காது. அங்கும் ஜிஸ்ட் வேண்டும்.

எங்கள் நகலில் செய்ததை ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் நான் செய்ய மாட்டேன். பத்தியின் வகையை மாற்றினால் உங்கள் மற்றத் திரைகள் எது உடையும் என்று உங்களுக்குத்தான் தெரியும். கை வைத்தால் பராமரிப்பு ஒப்பந்தம் செல்லாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறீர்கள். எனவே நீங்களே அடுத்த பதிப்பில் சரிசெய்து தர வேண்டும்: ஐநெட் பத்தி, இரண்டு வகை இண்டெக்ஸ், லைக் இல்லாத பகுதித் தேடல். உங்கள் ஆள் சொல்லி வாங்கிய ரேமின் விலையை அடுத்த ஆண்டு பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். பில் நகலும், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் தாள்களும் இத்துடன் உள்ளன.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கியதற்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. வழக்கை நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

பத்தியின் வகையை மாற்றும்போது அட்டவணை முழுவதும் பூட்டிக்கொள்ளும், அதனால் நேரம் முக்கியம். வழக்கம்போல 'அதிகாலை நாலு மணிக்கு யாரும் இருக்க மாட்டாங்க' என்று வந்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் இங்கே கரைக்கு வந்த விசைப்படகுகளின் மீன் ஏலம் நடக்கும், ஐஸ் கம்பெனியில் பில் ஓடும், இராமேஸ்வரம் லாட்ஜுகளில் அக்னி தீர்த்தத்துக்குக் கிளம்புகிறவர்கள் விழித்திருப்பார்கள். மதியம் இரண்டரை மணிக்கு மேல் வாருங்கள். தேதியை இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் சந்தாதாரர்களுக்கு நான் செய்தி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
தங்கச்சிமடம்.